காலி வாளிகள்

தம்பி தில்லைநாயகத்தின் வலது நுரையீரலில் பூசணம் குடியேறிவிட்டது என்று கேள்விப்பட்டு, அக்கா மங்களேஸ்வரி டிபன் கேரியரோடு அவனுக்குள்ளே போனாள். செருப்பைத் தொண்டையருகே கழற்றி வைத்தாள்.

உள்ளே திருவிழாக் கூட்டம். ரத்தத்தின் காவலாட்கள் ஆளுக்கொரு வாளியோடு வந்து குவிந்தபடி இருந்தார்கள். எல்லோரும் வாரிசு வேலைக்காரர்கள். தொப்பி, விசில், வாளி எல்லாம் அம்மா வழியில் வந்தவை. கிருமியைக் கொல்லும் பிளீச்சிங் பவுடர் மட்டும் வரவில்லை.

பூசணம் மூலையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது. ஒருவர் அதன் தலையில் வாளியைக் கவிழ்த்தார். ஒன்றும் விழவில்லை.

"நல்லாயிருங்க" என்றது பூசணம்.

அவர் விசில் ஊதினார். இன்னும் நூறு பேர் வந்து காலி வாளியைக் கவிழ்த்தார்கள், விசில் ஊதினார்கள். சுவர்கள் சிவந்து வீங்கின. சிலர் சும்மா நிற்கக் கூச்சப்பட்டு ஜன்னல்களை உடைத்தார்கள். மங்களேஸ்வரி அவர்களுடைய மேஸ்திரியைத் தேடிப் பிடித்தாள்.

"ஏண்ணே, பவுடரே இல்லாம இத்தனை பேரு எதுக்கு?"

"இல்லைன்னுதாம்மா இத்தனை பேரு" என்றார் மேஸ்திரி. "இருந்தா ரெண்டு பேரு போதுமே."

"எனக்கும் அதே அம்மாதான். ஆனா என் ரத்தத்து ஆளுங்கள்ல பாதிப் பேருகிட்ட பவுடர் இருக்கு. கூப்பிடவா?"

"வேற வார்டு ஆளுங்க வந்தா எங்க ஆளுங்க அடிச்சிருவாங்க."

"எதை வெச்சு?"

மேஸ்திரி யோசித்தார். பிறகு விசில் ஊதினார்.

கொல்ல முடியாததால் பூசணத்துக்குப் பாதுகாப்புக் கொடுப்பது என்று முடிவானது. காவலாட்கள் அதைச் சுற்றி நெருக்கியடித்து நின்று சுவராகவே ஆனார்கள். மேஸ்திரி கடைசிச் செங்கல். பாதை அடைபட்டது.

அப்போது தம்பியின் மூச்சு வந்தது. பனியன் போட்டிருந்தது. இளைத்திருந்தது.

"வழியில்ல. சுத்திப் போ" என்றது சுவர்.

சுற்றிப் போக வேறு பாதை இல்லை. மூச்சு ஓரமாக நின்றது.

"அக்கா, மூச்சு விட முடியலக்கா" என்று வெளியிலிருந்து தம்பியின் குரல் கேட்டது.

மங்களேஸ்வரி இனி யாரையும் கேட்பதில்லை என்று முடிவு செய்தாள். தன் மணிக்கட்டில் வாயை வைத்து, "பவுடர் இருக்கிறவங்க மட்டும் வாங்கய்யா!" என்று கத்தினாள்.

அவள் ஆட்கள் எல்லோருமே வந்தார்கள். காலி வாளிக்காரர்கள் விசில் ஊதிக்கொண்டு முதலில் ஓடிவந்து, சுவரோடு சுவராகச் சேர்ந்துகொண்டார்கள். நிறைந்த வாளிக்காரர்கள் கனம் தாங்காமல் மெதுவாக வந்து, மூச்சுக்குப் பின்னால் வரிசையில் நின்றார்கள்.

"முன்னாடி என்னங்க நடக்குது?" என்று ஒருவர் மரியாதையாகக் கேட்டார்.

மங்களேஸ்வரி மூச்சின் கையைப் பிடித்துக்கொண்டாள். அது சில்லென்று இருந்தது.