வலப்பக்கத்துப் பால்

பிறந்து பன்னிரண்டு நாளான பெண் குழந்தைக்குச் சபுரா இடப்பக்கம் மட்டுமே பால் கொடுத்தாள். வலப்பக்கம் கல்லாகக் கட்டிக் காய்ச்சல் கண்டிருந்தது. குழந்தை பசி அடங்காமல் கத்தியது.

சபுரா என் கணவர் கரீமின் தங்கை. "அந்தப் பக்கமும் வெய்யி அம்மணி," என்றேன்.

"அது மூத்தவனோட பங்குங்க மதினி."

மூத்தவன் நாற்பதாம் நாளில் இறந்து மூன்று வருஷம் ஆகிறது.

"யாரு சொன்னா?"

"ஏனுங்க, நீங்கதானே சொன்னீங்க? தாய் வர்ற வரைக்கும் பிள்ளை சொர்க்கத்துல பால் குடிக்காமக் காத்திருக்கும்னு நபி நாயகம் சொன்னதா. அவன் மையத்தை அடக்கத்துக்கு எடுத்த அன்னைக்கு."

சொன்னேன்தான். அன்று பால் வழிந்து அவள் ரவிக்கை நனைந்திருந்தது. ஏதாவது சொல்லியாக வேண்டியிருந்தது. ஆனால் அதை எங்கே கேட்டேன்? கேட்டேனா?

யோசித்ததில் ஆமினா பீவியின் குரல் நினைவுக்கு வந்தது. அவிநாசிக்காரர். நாயகம் பிறந்த மௌலூது மாதத்தில் எங்கள் கோட்டைமேட்டுப் பெண்களுக்கு ஹதீஸ், அதாவது நாயகத்தின் வாக்குகள், சொல்ல வருவார். ஒவ்வொன்றையும், இன்னார் இன்னாரிடம் கேட்டது என்று நீளமான பெயர் வரிசையோடுதான் தொடங்குவார். பெயர்கள் வரும்போது நான் பக்கத்தில் இருப்பவள் புடவையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மறுநாள் காலை அவிநாசிக்கு பஸ் ஏறினேன்.

அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்த ஆமினா பீவி சிரித்தார். "இதுக்கா வந்தே? ஒத்தை ஹதீஸைக் கேக்கறதுக்கு ஒட்டகம் வாங்கி ஒரு மாசம் போனாரு நாயகத்தோட தோழரு, ஒரு சஹாபி. உனக்கு பஸ்ஸே கெடைச்சுபோட்டுது."

நான் சொன்ன வாசகத்தைக் கேட்டதும் சிரிப்பு நின்றது.

"காத்திருக்கும்னு நான் சொல்லலை கண்ணு. நாயகத்தோட மகன் இப்ராகீம் பால்குடியிலயே மௌத்தாப் போனாங்க. அவங்களுக்குச் சொர்க்கத்துல பால் கொடுக்க ஒருத்தி இருக்கான்னு நாயகம் சொன்னாங்க. எங்க அத்தா சொன்னது. அவருக்கு ஓதிக்கொடுத்த உஸ்தாது. அப்படியே ஆள்மேல ஆளாப் போயி, நாயகம் பேசறப்ப எதுத்தாப்பல நின்னு கேட்டவரு வரைக்கும் பேரு இருக்குது. நீ சொன்னதுக்கு யாரு பேரு இருக்குது?"

"அக்கா... எல்லாப் பிள்ளைக்கும் அப்படித்தானுங்களா?"

"நான் கேட்டது அந்தப் பிள்ளையைப் பத்தி. அதுக்கு மேல என் வாயில வராது."

தெரிந்தே தன் பேரில் பொய் சொன்னவர்களுக்கு நரகத்தில் இடம் என்று நாயகம் சொன்னதும் எனக்குத் தெரியும். தெரிந்தா சொன்னேன்? இரக்கப்பட்டு மாற்றினேனா, மறந்து மாற்றினேனா? அந்த நாளுக்குள் எவ்வளவு துழாவியும் நனைந்த ரவிக்கைதான் தென்பட்டது.

திரும்பும் பஸ்ஸில், ஒரு சொல்லும் மாறிவிடக் கூடாதென்று ஆமினா பீவியின் வாசகத்தை முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். பீளமேட்டு மில் சங்கு ஊதியபோது கவனித்தேன், 'அன்போடு பால் கொடுக்க' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அன்பு எந்த ஊரில் ஏறியது? பயந்துபோய் முதலிலிருந்து தொடங்கினேன்.

சபுராவிடம், ஆமினா பீவி சொன்னது, அவர் அத்தா சொன்னது என்று பெயர்களோடு சொன்னேன். முன்பு சொன்னதற்கு யார் பேரும் இல்லை என்பதையும் சொன்னேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அப்ப எம்பையனுக்கும் ஒருத்தி இருக்காளாங்க?"

இருக்கிறாள் என்று வாய்வரை வந்துவிட்டது. அவள் முகத்தைக்கூட வர்ணித்திருப்பேன். நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"தெரியாது கண்ணு. நான் கேட்டது அவ்வளவுதான்."

"மூணு வருஷமாக் காத்திருக்கான்னு நெனைச்சுபோட்டனே," என்றாள். கோபமா என்று எனக்குப் பிடிபடவில்லை. "நாயகத்து மகனுக்கே இன்னொருத்தி கொடுத்தான்னா, எம்மகன் மட்டும் பட்டினியா கெடப்பான்?"

குழந்தையைத் தூக்கி வலப்பக்கம் வைத்தாள். வலியில் பல்லைக் கடித்தாள். குழந்தை திணறி, பிறகு விழுங்கத் தொடங்கியது.

"எல்லாப் பிள்ளைக்கும் ஆள் வெச்சிருப்பான் அல்லா," என்றாள் குழந்தையிடம், என்னைப் பார்க்காமல். "மதினி அவிநாசி வரைக்கும் போய்க் கேட்டுட்டு வந்தாங்க."

நான் அப்படிச் சொல்லவில்லை என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். குழந்தை குடித்து முடிக்கட்டும் என்று நின்றேன்.