குப்பைத்தொட்டிதான் சைபர்

ஏழாம் வகுப்புக் கணக்கு டீச்சருக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை என்பது தெருவுக்கே தெரியும். டீச்சர் யாரிடமும் வாய் திறந்ததில்லை. மாடி வீட்டில் மூத்த ஓரகத்தி இருக்கும்போது, தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ள வேண்டிய கஷ்டம் யாருக்கும் வராது.

ஓரகத்தியும் அதே பள்ளிதான். அறிவியல் டீச்சர். வேலை நிரந்தரம், வாயும் நிரந்தரம். கீழ் வீட்டுக் குக்கரை இரவல் வாங்கி, ரப்பர் வளையம் இல்லாமல் திருப்பிக் கொடுத்த நாளிலிருந்து இருவருக்கும் நேர்ப் பேச்சு நின்றுவிட்டது. ஜாடைப் பேச்சு மட்டும் முன்னைவிட அமோகம்.

ஆய்வாளர் வகுப்புக்கு வரப்போகிறார், அவர் தலையாட்டினால்தான் வேலை என்று தெரிந்ததும், கொடியில் காய்ந்த துண்டைப் பார்த்து ஓரகத்தி பாடம் நடத்தினாள்.

"மட்டு மதிப்புன்னா தூரம். சைபர்லேர்ந்து எவ்ளோ தள்ளி நிக்குதுன்னுதான் கேள்வி, எந்தப் பக்கம்ங்கிற பேச்சே இல்ல. ஒரு குப்பைத்தொட்டிய சைபர்னு வெச்சு, புள்ளைங்கள வராந்தாவுல நடக்கவிட்டாப் போதும், புரிஞ்சிடும். சில பேருக்கு இதெல்லாம் சொன்னா ஏறவா போகுது!"

துண்டுக்கு ஏறியதோ இல்லையோ, கீழே நின்ற டீச்சருக்கு நன்றாகவே ஏறியது. யோசனை நல்ல யோசனை. யார் வாயிலிருந்து வந்தது என்பதுதான் அதன் ஒரே குறை. அந்தக் குறைக்கு மன்னிப்பு உண்டா என்ன?

டீச்சரிடம்தான் சொந்தச் சரக்கு இருந்ததே. எண்ணின் இருபுறமும் ஒவ்வொரு செங்குத்துக் கோடு போட்டால் அது மட்டு மதிப்பு. அதற்கு அவள் வைத்த பெயர் குச்சி. "குச்சிக்குள்ள மைனஸ் இருந்தா தொடைச்சிடுங்க. அவ்ளோதான் கணக்கு!" தூரமாவது, நடையாவது. பிள்ளைகளுக்கும் ஏக சந்தோஷம். துடைப்பதற்கு மூளை எதற்கு?

ஆய்வாளர் வந்தார். குச்சிக்குள் மைனஸ் ஏழு என்றால் "ஏழு!" என்று வகுப்பு அலறியது. மைனஸ் பன்னிரண்டுக்குக் கூரையே அதிர்ந்தது. நிரந்தர ஆணை கைக்கு வந்துவிட்டது போலவே டீச்சர் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

ஆய்வாளர் சும்மா போயிருக்கலாம். எழுந்து வந்து, குச்சிகளுக்கு நடுவே 3 − 8 என்று எழுதினார்.

"பதினொண்ணு!" என்றது வகுப்பு, ஒரு குரல் பிசகாமல்.

"வெரி குட்" என்ற சொல் டீச்சரின் பல் வரை வந்து நின்றது.

"குச்சி இல்லாட்டி?" என்றார் அவர்.

"மைனஸ் அஞ்சு சார்."

"அப்போ குச்சி போட்டதும் பதினொண்ணு ஆனது எப்படி?"

முதல் பெஞ்சில் ஒருத்தி உண்டு, வகுப்பே முந்திரிக்கொட்டை என்று கூப்பிடும். அவள் எழுந்துவிட்டாள். "உள்ள இருக்கிற மைனஸ டீச்சர்தான் தொடைக்கச் சொன்னாங்க சார். தொடைச்சோம். மூணும் எட்டும் சும்மா நின்னுச்சு. கூட்டிட்டோம்."

டீச்சருக்கு ஒரு வழி தோன்றியது. 'நேத்து சரியாத்தான் சொன்னாங்க சார்' என்று பழியைப் பிள்ளைகள் தலையில் கட்டலாம். ஆனால் முந்திரிக்கொட்டை இருக்கும் வகுப்பில் பொய்க்கு ஆயுசு ஏது? வேலையா வீம்பா என்று ஒரு கணம் நின்றாள்.

"தப்பு என்மேலதான் சார். எல்லாரும் வராந்தாவுக்கு வாங்க."

குப்பைத்தொட்டியை இழுத்து ஒரு தரைக்கல்லின் மேல் வைத்தாள். "இதுதான் சைபர்." முந்திரிக்கொட்டை வலப்பக்கம் மூன்றாம் கல்லில் நின்றாள். அங்கிருந்து இடப்பக்கமாக எட்டுக் கல் நடந்தாள், தொட்டியைத் தாண்டி.

"இப்போ எங்க நிக்கிற?"

"மைனஸ் அஞ்சுல."

"தொட்டியிலேர்ந்து எவ்ளோ தூரம்?"

"அஞ்சு கல்லு... ஐயோ, அஞ்சு! முதல்ல கழிக்கணும், அப்புறம்தான் தூரம் பாக்கணும். பதினொண்ணு எங்கேர்ந்து வந்துச்சு டீச்சர்?"

டீச்சர் போய் அவள் பக்கத்தில் நின்றுகொண்டாள். ஆய்வாளர் விடவில்லை. "அதே அஞ்சு தூரத்துல வேற யாராவது நிக்க முடியுமா?"

"அதோ நிக்கிறாங்களே சார்!" முந்திரிக்கொட்டை வலப்பக்கம் கையை நீட்டினாள். அறிவியல் கூடத்தின் வாசல் சரியாக ஐந்தாம் கல்லில். அங்கே கையில் சோதனைக்குழாயோடு, எதையும் பார்க்காதவள் போல எல்லாவற்றையும் பார்த்தபடி ஓரகத்தி. "அவங்களுக்கும் அஞ்சுதான், நம்ம டீச்சருக்கும் அஞ்சுதான். பக்கம்தான் வேற."

ஆய்வாளர் தலையாட்டினார். வேலை நிரந்தரமானது.

அன்று சாயங்காலம் கீழ் வீட்டுக் கதவுப்பிடியில் ஒரு குக்கர் வளையம் தொங்கியது. டீச்சர் அந்தப் பிடியைப் பார்த்துச் சொன்னாள்: "சில பேரு சொல்றதும் எப்பவாவது உதவத்தான் செய்யுது."

"இப்பவாவது ஒத்துக்கிட்டாங்களே!" என்றது மாடியில் காய்ந்த துண்டு.

டீச்சர் உள்ளே போய் வளையத்தைப் பொருத்திப் பார்த்தாள். அது வேறு ஏதோ குக்கருடையது.