மூன்று முறை எச்சரித்த சாட்சி

கான்ஸ்டபிள் வேதநாயகத்துக்குக் கோர்ட்டில் சொல்ல ஒரே ஒரு வாக்கியம்தான் உண்டு. “நான் மூன்று முறை எச்சரித்தேன், ஆள் கேட்கவில்லை.” ஐந்து வருடத்தில் முப்பத்தெட்டு வழக்கு, முப்பத்தெட்டிலும் மூன்று எச்சரிக்கை. இரண்டாவது எச்சரிக்கையில் திருந்துகிற ஆள் இந்த ஜார்ஜ் டவுனில் ஒருவன்கூடக் கிடையாதா என்று வெள்ளைக்கார மாஜிஸ்திரேட் ஒருநாள் அலுத்துக்கொண்டார். துபாஷி அதை மட்டும் தமிழில் சொல்லாமல் விழுங்கிவிட்டார்.

உண்மையில் அது வேதநாயகத்தின் வாக்கியமே அல்ல, ஸ்டேஷனின் சொத்து. வேலையில் சேருகிற அன்றே தொப்பி, பெல்ட்டோடு அதையும் கையில் கொடுத்துவிடுவார்கள். மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது, “வழக்கமான கோர்ட்டுப் பொய்கள், சாமி” என்பார் வேதநாயகம். சாமியாரும் வழக்கமான ஜெபங்களைச் சொல்லச் சொல்லி அனுப்பிவைப்பார். இருவருக்கும் சிரமமில்லை.

வம்பு முப்பத்தொன்பதாவது வழக்கில் வந்தது.

சூலியா தெரு முனையில் கடையநல்லூரிலிருந்து கப்பலேறி வந்த முகம்மது கனி தினமும் காலையில் சோற்றுப் பானைகள் தொங்கும் காவடித் தடியை இறக்கி வைத்து நாசி கண்டார் என்கிற குழம்புச் சோறு விற்பார். பத்து மணிக்கு அந்தப் பக்கம் ரோந்து வருகிற வேதநாயகம், தூண் மறைவில் குந்தி ஒரு தட்டுச் சோற்றை முடித்துவிட்டுத்தான் நகருவார். உத்தியோக நேரத்தில் சாப்பிடக்கூடாது என்பது சட்டம். மீன் தலைக் குழம்பின் வாசனைக்கு அந்தச் சட்டம் தெரியாது.

அன்று சார்ஜன் ராமதாஸ் சைக்கிளில் வந்து சேர்ந்தார். ஐந்தடி நடைபாதையை அடைத்துக்கொண்டு ஏழு பேர் குந்தியிருந்தார்கள். “என்ன இது? வழிய மறிச்சதுக்கு இவன புடிக்கத்தானே நிக்கிற?” என்று கேட்டார். வேதநாயகத்தின் வாய் நிறையச் சோறு. பேச முடியாமல் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டல் வழக்காகிவிட்டது.

சார்ஜன் கெட்டவர் அல்ல. தட்டைப் பார்த்துவிட்டுத்தான் அப்படிக் கேட்டார். தன் ஆளைக் காப்பாற்றினாற்போலவும் ஆயிற்று, மாதக் கணக்குக்கு ஒரு கேஸ் கிடைத்தாற்போலவும் ஆயிற்று. மாதக் கடைசியில் கார்ப்பரல் பட்டை வருகிறது, ஒழுங்காகச் சாட்சி சொன்னால் அது உனக்குத்தான் என்றும் சொல்லிவைத்தார். கனிக்கோ ஏற்கெனவே இரண்டு தண்டனை. இன்னொன்று விழுந்தால் லைசென்ஸ் போகும். துறைமுகத்தில் மூட்டை தூக்கவேண்டும், இல்லையென்றால் ஊருக்கே திரும்பக் கப்பலேற வேண்டும்.

வழக்கு நாளன்று கோர்ட்டுத் தாழ்வாரத்தில் புதுக் கைலியும் தொப்பியுமாக, கல்யாணத்துக்கு வந்தவர்போல நின்றார் கனி.

“அண்ணே, நீங்கதான் சாட்சின்னாங்க. அப்புறம் எனக்கு வக்கீல் எதுக்குலா? வேணாம்னுட்டேன்.”

வேதநாயகம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். இந்த மனுஷன், போலீஸ் சாட்சி யார் பக்கம் என்றுகூடத் தெரியாமல் வந்து நிற்கிறானே!

கூண்டில் ஏறி வேதாகமத்தை முத்தமிட்டார். ஆளை எச்சரித்தாயா என்று கேட்டார்கள். பதில் வருமுன்பே மாஜிஸ்திரேட் எழுத ஆரம்பித்துவிட்டார். எதிரே கனி, நன்றாகப் பாடப்போகிற பிள்ளையைப் பார்க்கிறவர்போலத் தலையாட்டி உற்சாகப்படுத்தினார். வேதநாயகத்துக்கு அழுகையே வரும்போல இருந்தது.

“இல்லீங்க ஐயா. எச்சரிக்கல. வாயில சோறு இருந்துச்சு.”

வாய் தவறிவிட்டது என்று நினைத்துத் துபாஷி மறுபடி கேட்டார். மறுபடியும் அதே சோறுதான் வந்தது. மாஜிஸ்திரேட்டின் பேனா நின்றது. வழியை மறித்தது யார் என்று கேட்டார். குந்தியிருந்த ஏழு பேர், அதில் நானும் ஒருவன், அதிக இடம் பிடித்தவனும் நானே என்றார் வேதநாயகம். கோர்ட்டு சிரித்தது. கனியைப் போகச் சொல்லிவிட்டார்கள்.

சாட்சியை மட்டும் இறங்கச் சொல்லவில்லை. இதற்குமுன் முப்பத்தெட்டு முறை இதே புத்தகத்தை முத்தமிட்டாயே, அதெல்லாம் என்ன என்றார் மாஜிஸ்திரேட். வேதநாயகம் சார்ஜன் பக்கம் திரும்பினார். சார்ஜன் ராமதாஸ் விட்டத்தை எண்ணிக்கொண்டிருந்தார்.

“சிலது கண்ணால பாத்தது, சிலது பாக்காதது. எது எதுன்னு சொல்லிடறேன் ஐயா. மூணு தடவ எச்சரிச்சது மட்டும் ஒண்ணுலயும் இல்ல.”

வேலை தப்பியதே பெரிய காரியம். பட்டை வேறொருவன் தோளுக்குப் போயிற்று. வேதநாயகத்தை ஊருக்கு வெளியே ஆயர் ஈத்தாம் என்கிற இடத்து ஸ்டேஷனுக்குத் தள்ளிவிட்டார்கள். தன்னைக் கார்ப்பரல் வீட்டம்மா என்று கூப்பிடும்படி சந்து முழுக்கச் சொல்லிவைத்திருந்த மனைவி அமலம்மாள் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், “உண்மைய சொன்னீங்க, சரி. கொஞ்சம் சுருக்கமா சொல்லியிருக்கக் கூடாதா?” என்றாள்.

ஆயர் ஈத்தாமில் வந்த முதல் வழக்கு, சந்தையில் கீரை விற்ற புஷ்பவள்ளியின் காலில் ஒரு பணக்காரரின் கார் ஏறிய வழக்கு. பணக்காரர் கூட்டிவந்த வக்கீல், கான்ஸ்டபிள்களைக் கூண்டிலேயே அழவைப்பதில் பேர்போனவர். கையில் இரண்டு தாள் நிறையக் கேள்விகள்.

வேதநாயகம் பார்த்ததை மட்டும் சொன்னார். கார் தப்பான பக்கத்தில் வந்தது. அந்த அம்மாள் ஓரத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். ஹார்ன் சத்தம் தனக்குக் கேட்கவில்லை. ஆனால் தான் தள்ளி நின்றதால் அடித்திருக்கவும் கூடும்.

வக்கீல் எழுந்தார், கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். சாட்சியின் முகத்தை உற்றுப் பார்த்தார், வாயில் சோறு இருந்தது என்று சொன்ன ஆள் இவன்தான் என்று அடையாளம் கண்டுகொண்டார். மாஜிஸ்திரேட் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டிருப்பதையும் பார்த்தார். பிறகு தாள்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஏதோ இரண்டு வார்த்தை இங்கிலீஷில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

வேதநாயகம் கூண்டுக் கம்பியை இறுகப் பிடித்தபடி துபாஷியைப் பார்த்தார்.

“கேள்வி ஒண்ணும் இல்லையாம். நீங்க சொன்னதே போதுமாம், அண்ணே. இறங்குங்க.”

இறங்க அவருக்கு மனமே வரவில்லை.