ஏழாம் எண் குஞ்சு

ஆய்வக உறைபெட்டியிலிருந்து ஏழாம் எண் கோழிக்குஞ்சின் உடலை எடுத்து மேசையில் வைத்தபோது அவளுக்கு ஒரே எண்ணம்தான். ஆய்வகக் கோழிகளைப் பார்த்துக்கொள்ளும் கூண்டுக்கார அண்ணனைக் கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும்.

குஞ்சின் தோலுக்கடியில் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை வைத்தால் அதன் முட்டைக்குழாய் வெள்ளைக்கரு செய்யத் தொடங்கும். அதற்கு உத்தரவு கொண்டுபோகும் தூது ஆர்.என்.ஏ சிதையாமல் நெடுநேரம் நிற்கும். மாத்திரையை எடுத்துவிட்டால் அந்த ஆர்.என்.ஏ ஒரே நாளில் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். மாத்திரை எடுத்த குஞ்சுகள் எல்லாவற்றிலும் போயிருந்தது, ஏழாம் எண்ணைத் தவிர. அதில் மட்டும் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருந்தது. அவளுடைய மூன்று வருட ஆராய்ச்சி ஒரு குஞ்சிடம் மாட்டிக்கொண்டு முழித்தது.

கூண்டு கழுவும்போது எண் போட்ட கால் வளையங்களைக் கழற்றி, மாத்திரை எடுக்காத குஞ்சுக்கு ஏழாம் எண்ணை மாற்றி மாட்டிவிட்டு மனிதர் வாயை மூடிக்கொண்டிருக்கிறார் என்று அவள் முடிவுகட்டியிருந்தாள். அதன் பிறகு அவர் சிரித்தால் எதையோ மறைக்கிறார், சிரிக்காவிட்டால் குற்ற உணர்ச்சி. கேட்டதற்கு, "நான் வளையத்தத் தொடவே இல்லம்மா" என்றார். பதில் கொஞ்சம் சீக்கிரமாகவே வந்ததாக அவளுக்குப் பட்டது. நேற்றே பேராசிரியரிடம் போட்டுக்கொடுத்துவிட்டாள். பதினொரு வருடமாக நிரந்தரமாகாத வேலை அவருக்கு. இன்று காலை அவரை விசாரிக்கக் கூப்பிட்டிருந்தார்கள்.

மாறிப்போன குஞ்சு என்றால் மாத்திரை முழுசாக உள்ளே இருக்கும். கழுத்துக்குப் பின்னால் இறகை விலக்கினாள். மாத்திரை வைத்த தழும்பு இருந்தது. அதை ஒட்டி இன்னொரு தையல், மாத்திரையை எடுத்தபோது போட்டது. நீல நூல், நான்கு முடிச்சு. எல்லோரும் இரண்டோடு விடுவார்கள். நான்கு போட்டுக் கேலி வாங்குகிறவள் அந்த ஆய்வகத்தில் அவள் ஒருத்திதான்.

தையலைப் பிரித்து இடுக்கியால் துழாவினாள். நொய்யரிசி அளவுக்கு ஒரு வெள்ளைத் துண்டு வந்தது. மாத்திரை எடுக்கும்போதே உடைந்திருக்கிறது. அன்றைக்கு இருந்த அவசரத்தில் அவள் பார்க்கவில்லை. துண்டை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதவு திறந்த சத்தத்தில் கை தானாக மூடிக்கொண்டது. கூண்டுக்கார அண்ணன் வாசலிலேயே நின்று சாவிக்கொத்தை நீட்டினார்.

"உங்ககிட்ட குடுத்துட்டுப் போகச் சொன்னாங்க. மூணாவது கூண்டுல தண்ணிக் குழாய் ஒழுகுதும்மா, கொஞ்சம் பாத்துக்குங்க."

இடது கையில் இடுக்கி இருந்தது. சாவியை வாங்குவதானால் வலது கையைத் திறக்க வேண்டும். அவர் நீட்டிய கையை மடக்காமல் நின்றார். அவளுடைய கையுறைக்குள் விரல்கள் வியர்த்தன.