மழைக்காலத்தில் படித்த இங்கிலீஷ்

‘எ’ என்ற ஒற்றை எழுத்து சுப்பிரமணியின் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது.

“ஒரு பிளாட்டுன்னா ஒரு பிளாட்டு. அதுக்கு முன்னாடி எதுக்கும்மா ஒரு ‘எ’? அடுத்த வரில அதே பிளாட்டு ‘த’ பிளாட்டாம். மனை அதேதான கீது? இன்னா பேஜாரு இது!”

ஜெஸ்ஸி சிரிக்கவில்லை. மனை விற்கிற ஆட்களுக்கு இங்கிலீஷ் சொல்லித்தர, செங்கல்பட்டிலிருந்து பஸ் ஏறி வருகிற பெண் அவள். “மொத தடவை சொன்னா எ. எதுன்னு தெரிஞ்சப்புறம் த. திரும்ப எழுதுங்க சார்” என்றாள்.

எழுதினான். வேறு வழி? திருப்போரூரில் வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பதற்கு அவனைத்தான் உதாரணம் காட்டுவார்கள். ‘சீப்ரீஸ் அவென்யூ’ மனைப்பிரிவின் பொட்டல் நடுவில் கஸ்டமரை நிறுத்தி, “கண்ணை மூடிக்கினு கேளுங்க சார், அலைச் சத்தம்!” என்பான். கேட்பது ரோட்டில் போகும் டிப்பர் லாரி. கஸ்டமர் தலையாட்டி அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போவார். அப்படிப்பட்ட வாய்க்கு இந்தக் கதி.

எல்லாம் புது மேனேஜர் ஹேமந்த் செய்த வேலை. “இப்ப வர்றவங்க எல்லாம் ஐ.டி. ஆளுங்க, கல்பாக்கம் ஆபீஸருங்க. இங்கிலீஷ்ல பேசினாத்தான் ரேட்டு நிக்கும். பொங்கலுக்கு அப்புறம் இங்கிலீஷ்ல பிளாட் காட்டத் தெரியாதவன் அம்பு பிடிக்கப் போகலாம்” என்று சொல்லிவிட்டான்.

அம்பு பிடிப்பது என்றால், லேஅவுட் பெயர் எழுதிய அம்புக்குறிப் பலகையைத் தூக்கிக்கொண்டு ரவுண்டானாவில் வெயிலில் நிற்பது. வேறு ஊர் ரவுண்டானா என்றாலும் பரவாயில்லை. இது அவன் மச்சான் டீக்கடைக்கு நேர் எதிரே இருந்தது. அங்கே நிற்பதைவிட நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் என்று சுப்பிரமணிக்குத் தோன்றியது.

கார்த்திகையில்தான் வகுப்பு. மழை மாதங்களில் இந்தப் பக்கத்தில் எந்தக் கம்பெனியும் கஸ்டமரைக் கூட்டிவந்து மனை காட்டாது. ஏன் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. ஆட்கள் சும்மாதானே கிடக்கிறார்கள், அப்போதே படிக்கட்டும் என்று ஹேமந்த் முடிவு செய்தான். சைட்டு முகப்பில், ரோட்டு மேட்டில் இருந்த தகர ஷெட்டில் ஜெஸ்ஸியையும் ஒரு கரும்பலகையையும் உட்கார்த்திவிட்டு அவன் சென்னைக்குப் போய்விட்டான்.

“பெயர்ச்சொல்லுக்கு முன்னாடி ஒரு வர்ணனை போடுங்க” என்றாள் ஜெஸ்ஸி. சுப்பிரமணிக்கு உற்சாகம் வந்தது. வர்ணனை அவன் பிழைப்பாயிற்றே! சூப்பர் பிளாட், கோல்டன் பிளாட், ஹெவன்லி பிளாட் என்று அடுக்கினான். அவள் மூன்றையும் அடித்தாள்.

“சூப்பர் கண்ணுக்குத் தெரியுதா சார்? வெளியில பாருங்க. தெரியறதை மட்டும் எழுதுங்க. அப்பத்தான் மனசுல நிக்கும்.”

சனியன், வெளியில் தெரிந்தது என்ன? பின்னாலிருந்த ஏரி நிரம்பி மனைகளுக்குள் ஏறியிருந்தது. மஞ்சள் பெயின்ட் அடித்த எல்லைக்கற்களின் தலை மட்டும் வெளியே தெரிந்தது. ஒவ்வொரு தலையிலும் ஒரு கொக்கு.

எழுதினான். பிக்குக்கு முன்னால் ஓல்டு வரக் கூடாதாம், அதற்கு ஒரு சுழி. வாட்டருக்கு ‘மெனி’ போடக் கூடாதாம், ‘மச்’தான் போடணுமாம், அதற்கு ஒரு சுழி. “தண்ணிய எண்ண முடியாதும்மா, எனக்குத் தெரியும். ஆனா கொக்கை எண்ணலாம், மீனை எண்ணலாம், தண்ணிக்கு மட்டும் தனி மரியாதை எதுக்கு?” என்று கத்தினான். பென்சிலை உடைத்தான். மறுநாள் வேறு பென்சிலோடு வந்தான். வீட்டில், பைக்கில், முருகன் சன்னதி வரிசையில் முனகிக்கொண்டே இருந்தான். அம்பு பயம் அப்படி. தை பிறப்பதற்குள் அந்த வாக்கியங்கள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிசகாமல் வந்தன. ஹேமந்த் போனில் விசாரித்தபோது ஜெஸ்ஸி, “சுப்பிரமணி சார்தான் ஃபர்ஸ்ட்” என்றாள். என்ன வாக்கியங்கள் என்று அவன் கேட்கவில்லை.

மாசியில் முதல் ஞாயிற்றுக்கிழமை கார் வந்தது. ஆதித்யா, சிறுசேரி ஐ.டி. கம்பெனிக்காரன். அவன் மனைவி வைஷாலி, காதில் போனோடு அம்மாவிடம் பேசிக்கொண்டே இறங்கினாள். ஏரி தன் கரைக்குள் இறங்கி, மனைகள் காய்ந்து, எல்லைக்கற்கள் புதுப் பெயின்டில் பளபளத்தன. ஹேமந்த் கார் ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். இது பரீட்சை என்பது சுப்பிரமணிக்குத் தெரியும்.

ஆதித்யா இங்கிலீஷில் ஆரம்பித்தான். சுப்பிரமணி தொண்டையைச் செருமினான்.

“தேர் ஈஸ் எ பிக் ஓல்டு லேக் பிஹைண்ட் த பிளாட் சார்.”

எ சரி, த சரி, பிக்கும் ஓல்டும் வரிசைப்படி. ஹேமந்த் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். ஆதித்யாவுக்கும் ஏரி பிடித்திருந்தது.

“மெனி வொய்ட் பேர்ட்ஸ் ஸிட் ஆன் த எல்லோ ஸ்டோன்ஸ்” என்றான் சுப்பிரமணி, தைரியம் வந்து.

“வாவ்! வொய்?”

“ஃபார் த ஸ்மால் ஃபிஷ் சார்.”

“ஃபிஷ்? வேர்?”

“இன் ஈச் பிளாட் சார்.”

ஆதித்யா காலடியில் பார்த்தான். வெடித்த மண். மறுபடி சுப்பிரமணியைப் பார்த்தான். ஹேமந்தின் கட்டைவிரல் இறங்கிவிட்டது.

சுப்பிரமணி அவசரமாக ரோட்டுப் பக்கம் கையைக் காட்டினான். பேச்சை மாற்றவேண்டும், உடனே! அலைச் சத்தத்தைச் சொல்லலாம். அலைக்கு இங்கிலீஷில் என்ன? காற்று, வாஸ்து, நாளைக்கே ரேட்டு இரண்டு மடங்கு, இதற்கெல்லாம் என்ன? மண்டைக்குள் எங்கே தேடினாலும் தண்ணீரும் கொக்கும்தான். தமிழில் பொய் சொல்ல அவனுக்கு யாரும் பாடம் நடத்தவில்லை, தானாக வந்தது. இங்கிலீஷில் அவனிடம் ஒரு பொய்கூடக் கைவசம் இல்லை.

வைஷாலி போனைக் காதிலிருந்து எடுத்தாள். “அண்ணா, தமிழ்லயே சொல்லுங்க. மழைக்கு இங்க தண்ணி நிக்குமா? ரெண்டு பேர் சம்பளமும் இருபது வருஷத்துக்கு இதுக்குத்தான் போகப்போகுது.”

அப்பாடா! தமிழ்! “தண்ணியா? கங்கையே வந்தாலும் இங்க நிக்காதும்மா, மேட்டு மனை!” எத்தனையோ பேரிடம் சொன்ன வாக்கியம் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. ஹேமந்தின் முகத்தில் உயிர் திரும்பியது. ‘சொல்லு, சொல்லித் தொலை’ என்று அவன் கண் கெஞ்சியது.

சுப்பிரமணி வாயைத் திறந்தான். அவள் நின்றுகொண்டிருந்த இடத்திலேயே இடுப்பளவு தண்ணீரும், பக்கத்துக் கல்லில் ஒரு கொக்கும் அவன் கண்ணுக்குத் தெரிந்தன. மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்து எழுதியது, எங்கே போகும்? தமிழில் அவளுக்கு உண்மையைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. பழக்கமில்லை.

“எவ்ரி இயர் மேடம்” என்றான். “மச் வாட்டர்.”

கார் போய்விட்டது. கிளம்பும்போது வைஷாலி கண்ணாடியை இறக்கி, “தேங்க்ஸ்ணா” என்றாள். அது எதற்கு உதவும்? ஹேமந்த் கத்தவில்லை. அதுதான் எரிச்சலைக் கிளப்பியது. “கிராமர்ல ஒரு மிஸ்டேக் இல்லய்யா” என்று மட்டும் சொன்னான்.

அடுத்த ஞாயிறு, மச்சான் டீக்கடைக்கு எதிரே சுப்பிரமணி அம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். ‘கடலோர சொர்க்கம்! தங்கமான முதலீடு!’ என்று பலகையில் எழுதியிருந்தது. கடை வாசலில் இரண்டு பேர் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். அவன் ஜெஸ்ஸியைத் திட்டினான், ஹேமந்தைத் திட்டினான், அந்தப் பாழாய்ப்போன ‘எ’வைத் திட்டினான். இன்னும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, வாய் இருக்கிறது, தமிழ் இருக்கிறது, வேறு கம்பெனிக்குப் போய்விடலாம் என்று தேற்றிக்கொண்டான்.

பைக்கில் வந்த ஒரு ஆள் அம்பைப் பார்த்து நிறுத்தினார். பின்னால் மனைவி, நடுவில் தூங்கி வழியும் குழந்தை.

“அண்ணாத்த, சைட்டு எப்படி கீது?”

வந்தது வாய்ப்பு! சுப்பிரமணி நிமிர்ந்து நின்று, பழைய சிரிப்பைச் சிரித்து, வாயைத் திறந்தான்.

“பின்னால பெரிய ஏரி கீதுப்பா. மழை வந்தா மனைக்குள்ள மீன் புடிக்கலாம்.”

பைக் வந்த வழியே திரும்பிப் போயிற்று. சுப்பிரமணி அம்பைக் கீழே போட்டுவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டான். போச்சு, தமிழும் போச்சு.