வியாழக்கிழமை அப்டேட்

வியாழக்கிழமை என்றாலே எனக்கு எரிச்சல்தான். அந்த நாசமாய்ப் போன விளையாட்டுக்கு வாரா வாரம் அன்றைக்குத்தான் அப்டேட் வரும். சிம்போத்தே துறைமுகத்துக்குப் பின்தெருவில் பத்து கம்ப்யூட்டர் போட்டுப் பதினோரு வருஷமாக நெட் சென்டர் நடத்துகிறேன். பத்தும் ஒரே நேரத்தில் இருபது ஜிபி இழுக்க ஆரம்பித்தால் ஒரு மெயில் திறப்பதற்குள் மனுஷனுக்கு நரைத்துவிடும். வாடிக்கைக்காரர்கள் கத்துவார்கள். நான் அவர்களைவிடச் சத்தமாகக் கத்துவேன்.

சொராய்தா அக்காவின் விசாரணையும் ஒரு வியாழக்கிழமைதான் வந்து விழுந்தது, பகல் பன்னிரண்டு மணிக்கு. அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை, பழக்கம்தான்; மீனை டப்பாவில் அடைக்கிற ஆலையில் மீன் வெட்டுகிறவள். அவளுடைய தங்கை செத்துப் போனதிலிருந்து தங்கை மகள் அனாயியை மூன்று வருஷமாக அவள்தான் வளர்க்கிறாள். பிள்ளைக்கு ஏழு வயது. இத்தனை நாள் தலைகாட்டாத அப்பன் எடில்பெர்த்தோ, தாக்னாவில் இரண்டாம் கல்யாணம் பண்ணிக்கொண்டு, திடீரென்று பிள்ளை வேண்டுமென்று மனுப் போட்டுவிட்டான். தாக்னாவுக்கு பஸ்ஸில் முப்பது மணி நேரம். போனால் போனதுதான், ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வருகிற தூரமா அது? வழக்கு முடியும்வரை பிள்ளை யாரிடம் இருப்பது என்று நீதிபதி அன்றைக்கே சொல்லிவிடுவார், எல்லாம் வீடியோவில்.

"போன்லயே பேசிடறேன் நெலிடா. ரீசார்ஜ் பண்ணி வச்சிருக்கேன்" என்றாள் அக்கா.

"கண்ணாடி உடைஞ்ச போன்ல கோர்ட்டுக்குப் பேசுவியா? உனக்கென்ன பைத்தியமா? என் கடையில ஃபைபர் லைன் இருக்கு. அன்னிக்குக் காலையில ஒரு பயலையும் உள்ள விடமாட்டேன். ராணி மாதிரி உக்காந்து பேசு."

நான்தான் சொன்னேன். வேறு யாரும் சொல்லவில்லை.

அன்று ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, முதல் வேலையாகப் பத்துக் கம்ப்யூட்டரையும் பார்த்தேன். ஆறு அப்டேட்டை முடித்திருந்தன, நாலு பாதியில் நின்று இழுத்துக்கொண்டிருந்தன. அந்த நாலையும் நிறுத்தினேன். இனி லைன் முழுக்க அக்காவுக்கு. எனக்கே என்மேல் ஒரு பெருமை.

அக்கா வெள்ளை பிளவுஸ் போட்டுக்கொண்டு வந்தாள். கையெல்லாம் எலுமிச்சை வாசனை.

"மீன் நாத்தம் போகணும்னு நாலு பழம் தேச்சேன்."

"வீடியோல நாத்தம் தெரியாது அக்கா."

"தெரியாதுதான். எனக்குத் தெரியுமே."

ஒரு தாளில் எல்லாம் எழுதி வைத்திருந்தாள். டீச்சர் பேர், தடுப்பூசி போட்ட தேதி, இவள் ஆலைக்குப் போகும்போது பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுக்காரி பேர். எழுத்து கூடக் கோணாமல் இருந்தது.

பன்னிரண்டு மணிக்கு நீதிபதி அம்மா திரையில் வந்தார். படம் பளிச்சென்று இருந்தது, குரல் மணி மாதிரி. அக்காவுக்கு அரசாங்கம் கொடுத்த இலவச வக்கீல் திரையில் ஒரு சதுரக் கட்டத்தில், டை கட்டிய எடில்பெர்த்தோ இன்னொரு கட்டத்தில். அவன் நிதானமாகப் பேசினான். பிள்ளைக்குத் தனி அறை இருக்கிறதாம், பக்கத்திலேயே பள்ளிக்கூடமாம். நல்லவன் மாதிரியே பேசினான். நல்லவனாகவே இருந்துவிட்டுப் போகட்டும், எனக்கென்ன.

அப்புறம் நீதிபதி அம்மா அக்காவைக் கேட்டார். "நீங்க வேலைக்குப் போற நேரத்துல குழந்தைய யார் பாத்துக்கறாங்க? வக்கீல் சொல்ல வேண்டாம். உங்க வாயால சொல்லுங்க."

அக்கா தாளைப் பார்க்காமலே சொன்னாள். அழகாகச் சொன்னாள்.

"அம்மா, உங்க குரல் விட்டு விட்டு வருது. ஒண்ணும் புரியல. மறுபடி சொல்லுங்க."

மறுபடி சொன்னாள். திரையில் அக்காவின் கட்டம் வாய் திறந்தபடியே நின்றுபோயிருந்தது. ஓடிப்போய் ஹெட்போனை மாற்றினேன். வயரைப் பிடுங்கி வேறு ஓட்டையில் சொருகினேன். என் போனில் அதே விசாரணையைத் திறந்து அக்காவிடம் நீட்டிப் பார்த்தேன், அதுவும் அப்படியேதான், அதுவும் கடை வைஃபையில்தானே தொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பதற்றத்தில் அது உறைக்கவில்லை. ஸ்பீடு பார்க்கிற பக்கத்தைத் திறந்தேன்.

"எண்பது காட்டுது! நம்ம லைன் சூப்பரா இருக்கு அக்கா. கோர்ட் பக்கம்தான் ஏதோ கோளாறு!"

எண்பது என்பது உள்ளே வருகிற வேகம். அதற்குக் கீழே, வெளியே போகிற வேகம் என்று இன்னொரு எண் இருக்கும். பதினோரு வருஷத்தில் நான் அதைப் பார்த்ததே இல்லை. எந்த வாடிக்கைக்காரன் வந்து எனக்கு வெளியே போகிற வேகம் பத்தவில்லை என்று சண்டை போட்டான்? எல்லாருக்கும் வருவதுதான் கணக்கு.

"அஞ்சு நிமிஷம் தர்றேன்" என்றார் நீதிபதி அம்மா.

எந்த நெட் சென்டர்காரியும் செய்வதைத்தான் செய்தேன். ரவுட்டரை அணைத்துப் போட்டேன். அது விளக்கெல்லாம் எரிந்து திரும்ப வருவதற்குள் நாலு நிமிஷம் போய்விட்டது. அக்கா தாளை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். லைன் வந்ததும் அவள் குரல் நன்றாகப் போனது. பேர் சொன்னாள், அடையாள அட்டை எண் சொன்னாள். "நல்லா கேக்குது, சொல்லுங்க" என்றார் நீதிபதி அம்மா. அப்பாடா என்று மூச்சு விட்டேன். அக்கா பிள்ளையைப் பற்றி வாய் திறந்தாள், மறுபடி விட்டு விட்டு.

மூன்று தடவை வாய்ப்புக் கொடுத்தாகிவிட்டது, அடுத்த வழக்கு காத்திருக்கிறது என்றார். இருக்கிற சாட்சியத்தை வைத்து, வழக்கு முடியும்வரை பிள்ளை அப்பனிடம் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். சனிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். அக்கா திரையைப் பார்த்துக் கத்தினாள், "அம்மா, நான் பேசறேன், இருங்க, நான் பேசறேன்!" அதுவும் போகவில்லை. கட்டங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அக்காதான் என்னைச் சமாதானப்படுத்தினாள், கேளுங்கள்.

"விடு நெலிடா. நான் வேகமா பேசிட்டேன் போல. எனக்குப் பேசத் தெரியல."

அந்த நேரம் பார்த்து யோர்தான் ஷட்டருக்கடியில் குனிந்து உள்ளே வந்தான். மோட்டோடாக்ஸி என்கிற மூன்று சக்கர வண்டி ஓட்டுகிறவன், முப்பது வயதாகியும் விளையாட்டுப் பித்து தீராதவன்.

"என்ன அக்கா, எழவு வீடு மாதிரி இருக்கு? அப்டேட் முடிஞ்சுதா?"

"வாய மூடுறா. லைன் செத்துப் போச்சு."

அப்டேட் முடித்திருந்த ஒரு கம்ப்யூட்டரில் அவன் உட்கார்ந்து எதையோ தட்டினான். தட்டிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"லைன் சாகல. மேல போறத பாரு, ஃபுல்லா அடைச்சுக்கிட்டு நிக்குது. 'மத்தவங்களோட பகிர்'னு போட்டு வச்சிருக்கியே, எல்லாத்துலயும்?"

போட்டது நான்தான். எங்கள் ஊர் நெட் சென்டர்காரர்கள் எல்லாருமே போடுவார்கள். ஒரு மெஷின் இறக்கியதைப் பக்கத்து மெஷின் அதனிடமே வாங்கிக்கொள்ளும், வேலை பாதி நேரத்தில் முடியும்.

"அது கடைக்குள்ளதானடா கொடுக்கும்?"

"யாரு சொன்னா? கேக்கற எல்லாருக்கும் கொடுக்கும். முடிச்ச ஆறும் காலையிலேர்ந்து வெளிய அனுப்பிக்கிட்டேதான் இருக்கு. லைன் அறுந்து வந்தாலும் கொஞ்ச நேரத்துல தானா திரும்ப ஆரம்பிச்சிடும். நீ இறங்கறத நிறுத்தினே. ஏத்தறத நிறுத்தலையே."

அக்காவுக்கு இந்தச் சங்கதியெல்லாம் புரியாது. நான் பேசாமல் இருந்திருந்தால் அவள் தன்னையே குறை சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பாள். ஒரு நிமிஷம் எனக்கு அந்தப் புத்தி வரவும் செய்தது. பொய் சொல்லமாட்டேன்.

"அக்கா, தப்பு உன்மேல இல்ல. என்மேல. நான் ஒண்ண நிறுத்த மறந்துட்டேன். அது வழிய அடைச்சுக்கிச்சு. வக்கீலுக்கு அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன். அப்பீல் பண்ணலாம்."

"அப்பீல்னா சனிக்கிழமைக்குள்ள வருமா?"

"வராது. ரெண்டு மாசமாவது ஆகும்."

அவள் கையிலிருந்த தாளை மடித்தாள். "என் போன்லயே பேசியிருந்தா?"

"கேட்டிருக்கும் அக்கா."

அவள் திட்டவில்லை. எழுந்து அந்த ஆறு கம்ப்யூட்டரையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள், அங்கே யாரோ உட்கார்ந்திருப்பதுபோல.

"அப்போ நான் பேசினது போறதுக்கு இடமில்லாம, இங்கேர்ந்து அந்த விளையாட்டுதான் போயிட்டிருந்துச்சா?"

"ஆமா."

"யாருக்கு?"

"தெரியல அக்கா. சிலியில, மெக்சிகோவுல, எவனெவனுக்கோ."

"அவங்களுக்கெல்லாம் ஒழுங்கா போய்ச் சேர்ந்துச்சா?"

யோர்தான்தான் தரையைப் பார்த்தபடி சொன்னான்.

"சேர்ந்துச்சு அக்கா."

சொராய்தா தலையை ஆட்டிக்கொண்டாள். பள்ளிக்கூடம் விடுகிற நேரம் ஆகிவிட்டது, பிள்ளை வாசலில் நிற்கும் என்று சொல்லிவிட்டு ஷட்டருக்கடியில் குனிந்து வெளியே போனாள்.