பூட்டு என் பெயரில்

சாவி அவரிடம் இருந்தது.

மில்லுக்குள் குனிந்து போல்ட்டின் தலையில் ஸ்பேனரை மாட்டியபோதுதான் அது எனக்கு உறைத்தது. அதுவரை கை தன்பாட்டில் வேலை செய்துகொண்டிருந்தது.

எங்கள் மில் தாமிரக் கல்லை மாவாக அரைப்பது. படுத்துக் கிடக்கும் இரும்புப் பீப்பாய். உள்ளே ஒரு மினி பஸ் நிற்கலாம். அடியில் கைமுட்டி அளவு இரும்புக் குண்டுகள் கிடக்கும். மில் சுற்றும்போது அவை மேலே ஏறிக் கீழே கொட்டும். கல் மாவாகும். ஆள் உள்ளே இருந்தால் என்ன ஆகும் என்று யாரும் பேசுவதில்லை.

உள்சுவரில் பதித்த தகடுகள் தேயும். மாற்ற வேண்டுமென்றால் மில்லை நிறுத்தி ஆள் உள்ளே போக வேண்டும். போகிற ஒவ்வொருவரும் மெயின் ஸ்விட்சில் தன் பூட்டை மாட்டுவார். பூட்டில் பெயர் இருக்கும். சாவி அவரவர் பையில் இருக்கும். கடைசிப் பூட்டு கழலும்வரை ஸ்விட்சைப் போட முடியாது. அவ்வளவுதான் எங்கள் பாதுகாப்பு.

என் பூட்டு தொங்கிக்கொண்டுதான் இருந்தது. சிவப்பு. கசுபா என்று வெள்ளைப் பெயிண்டில் நானே எழுதியது. அதன் சாவி எங்கள் ஃபோர்மன் பாஷி முசோண்டாவின் சட்டைப் பையில்.

கொடுத்தது நான்தான்.

போன முறை ஒருவனுடைய சாவி குண்டுகளுக்கு நடுவே விழுந்துவிட்டது. அரை நாள் தேடினோம். அதனால் இன்று காலை ஃபோர்மன் ஸ்விட்சின் அருகில் நின்று கையை நீட்டினார்.

"குடுங்க எல்லாரும். உள்ள தொலைச்சிட்டு அப்புறம் என் உயிரை எடுக்காதீங்க."

மற்ற மூன்று பேரும் கொடுத்தார்கள். நான் நின்றேன்.

"என்னம்மா, என்னை நம்பலியா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். முசோண்டா என்ற பையனின் அப்பா; பாஷி என்றால் அப்பா. பாஷி முசோண்டா என்றுதான் கூப்பிடுவோம். அவர் சொந்தப் பெயரை என் வாயால் சொல்ல மாட்டேன். என் அப்பா வயது. கை நீட்டி நிற்கிறார், மூன்று பேர் பார்க்கிறார்கள். என் முழங்கால் மடங்கியது. இரண்டு கையாலும் கொடுத்தேன். பெரியவர்களுக்கு அப்படித்தான் கொடுப்போம். யோசனை வருவதற்குள் உடம்பு அதைச் செய்து முடித்துவிடும்.

மற்றவர்களுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும்.

தினமும் காலையில் அவர் என்னிடம், "உங்க அப்பா எந்த ஊரும்மா?" என்று கேட்பார். லுவிங்கு என்பேன். "அட, நம்ம ஊரு!" என்று என் தோளில் தட்டுவார். முதலில் விளையாட்டென்று நினைத்தேன். விளையாட்டில்லை. ஒவ்வொரு நாளும் அவர் புதிதாகச் சந்தோஷப்பட்டார். ஒருநாள் இரண்டாம் பம்பின் வால்வைத் திறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். தளம் முழுக்கச் சேறாகியிருக்கும். நான் பார்த்து மூடினேன். யாரிடமும் சொல்லவில்லை. அப்பா வயதுக்காரரைப் பற்றி மேலிடத்தில் போய் எப்படிச் சொல்வது?

எங்கள் இருவரையும் ஜோடி சேர்த்தது நிர்வாகம். இளசுகளும் பழசுகளும் ஒட்டாமல் இருக்கிறார்கள் என்று தலைநகர் லுசாகாவிலிருந்து ஒரு பயிற்சிக்காரியை வரவழைத்தார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் போஸ்டர் ஒட்டினார்கள். சுருக்கம் விழுந்த ஒரு கை, வழவழவென்று ஒரு கை, குலுக்கிக்கொண்டிருந்தன. கண்ணை மூடிப் பின்னால் சாயச் சொன்னாள் பயிற்சிக்காரி. ஜோடியாக நிற்பவர் பிடிக்க வேண்டும். நான் சாய்ந்தேன். பாஷி முசோண்டா பிடித்தார். அவர் முறை வந்தபோது மாட்டேன் என்றுவிட்டார்.

"என் வயசுல விழுந்தா பிடிக்க மாட்டாங்கம்மா. அள்ளுவாங்க."

கூடமே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

சாப்பாட்டு மணி அடித்ததும் மற்ற மூன்று பேரும் வெளியே ஊர்ந்து போனார்கள். சாவியை வாங்கி அவரவர் பூட்டைக் கழற்றிக்கொண்டு ன்ஷிமாச் சோளக்களிக்கு ஓடியிருப்பார்கள். நான் மில்லின் வாய்வரை போய்த் தலையை நீட்டினேன்.

"ஒரு போல்ட்டு பாக்கி, பாஷி முசோண்டா. முடிச்சிட்டு வந்துடறேன்."

"சரி சரி," என்று தலையாட்டினார்.

திரும்பி உள்ளே வந்தேன். போல்ட் இறுகிப் போயிருந்தது. இரண்டு சுற்று கொடுத்திருப்பேன். அப்போதுதான் சாவி நினைவுக்கு வந்தது. சாவி மட்டுமல்ல. அவர் "சரி சரி" என்றபோது பார்வை என் மேல் இல்லை என்பதும் நினைவுக்கு வந்தது.

இரும்புக்குள் வாக்கி டாக்கி எடுக்காது. அதனால் ஒன்றை மில்லின் வாயில் கம்பி கட்டித் தொங்கவிட்டிருப்போம். அது கரகரத்தது. கண்ட்ரோல் ரூமிலிருந்து வெப்ஸ்டர். என் வயதுதான் அவனுக்கும். எதிலும் அவசரம்.

"பாஷி முசோண்டா, அடுத்த வரிசைத் தகடு கீழ வரணும்ல? சாப்பாட்டு நேரத்துலயே மில்லைக் கொஞ்சம் திருப்பி வெச்சிடலாமா?"

"திருப்பிடலாம்."

"எல்லாரும் வெளிய வந்தாச்சா?"

"வந்தாச்சு, வந்தாச்சு."

ஸ்பேனர் என் கையிலிருந்து நழுவிக் குண்டுகளுக்குள் போனது. கத்தினேன். பக்கத்து மில் ஓடிக்கொண்டிருந்தது. என் குரல் வெளியே எட்டியிருக்காது.

வாயை நோக்கி ஓடப் பார்த்தேன். குண்டுகளின் மேல் ஓட முடியாது. ஒன்றை மிதித்தால் இன்னொன்று உருளும். விழுந்தேன். முழங்கால் எதிலோ இடித்தது. எழுந்தேன். மறுபடி விழுந்தேன். ஹெல்மெட் விளக்கு கழன்று தொங்கி, வெளிச்சம் கூரையிலும் சுவரிலும் அலைந்தது. மில்தான் சுற்ற ஆரம்பித்துவிட்டதோ என்று ஒரு கணம் நினைத்தேன். வெளிச்சம்தான் சுற்றியது.

நாலு காலில் போனேன்.

சைரன் அடித்தது.

மில்லைத் திருப்புமுன் அடிக்கும் சைரன். பூட்டு கழன்ற பிறகுதான் அடிக்க வேண்டும். ஆனால் வெப்ஸ்டர் பல சமயம் முன்கூட்டியே அடித்துவிடுவான், நேரம் மிச்சமாம். ஆகவே பூட்டு இன்னும் இருக்கலாம். கழன்றும் இருக்கலாம். என் பெயர் எழுதிய பூட்டை என் சாவியால் அவர் திறந்துகொண்டிருக்கலாம்.

சைரன் நின்றது.

அசையாமல் கிடந்தேன். இரண்டு கையாலும் ஒரு தகட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அதைப் பிடித்து என்ன ஆகப்போகிறது? தகடும் சேர்ந்துதான் சுற்றும். ஆனாலும் பிடித்துக்கொண்டேன். வயிற்றுக்குக் கீழே குண்டுகள் குளிர்ந்திருந்தன. இரும்பின் வழியாக ஒரு அதிர்வு வந்தது. பக்கத்து மில்லுடையதா, இதனுடையதா என்று புரியவில்லை. அம்மாவை நினைக்க முயன்றேன். முகம் வரவில்லை. போஸ்டரிலிருந்த அந்த இரண்டு கைகள்தான் வந்தன.

மில்லின் வாயில் வெளிச்சம் மறைந்தது.

யாரோ உள்ளே ஊர்ந்து வந்தார்கள். மூச்சிரைப்பு கேட்டது. என் விளக்கு அவர் முகத்தில் பட்டது. பாஷி முசோண்டா. தலையில் ஹெல்மெட் இல்லை. வலது கை மூடியிருந்தது.

"உள்ளதான் இருக்கியா," என்றார்.

தலையை மட்டும் ஆட்டினேன்.

"அடி பட்டுச்சா?"

"வெளிய வந்தாச்சுன்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"ஒரு போல்ட்டு பாக்கின்னு உங்ககிட்டதானே சொல்லிட்டு வந்தேன்? தலையாட்டினீங்களே!"

"ஆட்டியிருப்பேன்."

அவர் வலது கையைத் திறக்கவில்லை. அதை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டார்.

"பூட்டுல சாவியைப் போட்டேன்மா. பேரு கண்ணுல பட்டுச்சு. கசுபா. உன் முகம் ஞாபகம் வந்துச்சு. உங்க அப்பா லுவிங்குன்னு ஞாபகம் வந்துச்சு. நீ வெளிய வந்தியா இல்லியான்னு மட்டும் வரல. நானும் நின்னு நின்னு பாக்கறேன், வரவே இல்ல."

"யாரையாவது கேட்டிருக்கலாம்ல?"

"யாரைக் கேக்கறது? எல்லாம் சோத்துக்குப் போயிடுச்சு. வெப்ஸ்டரைக் கேக்கலாம். கேட்டா தெரிஞ்சு போயிடும்."

"அதனால?"

"சாவியை எடுத்துக்கிட்டு நானும் உள்ள வந்துட்டேன். நான் உள்ள இருந்தா எவனும் திருப்ப முடியாதுல்ல." மூடிய கையைத் தூக்கிக் காட்டினார். "நானே மறந்தாலும்."

வெளியே பக்கத்து மில் ஓடிக்கொண்டிருந்தது. நான் பிடித்திருந்த விளிம்பை இன்னும் விடவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன்.

"எனக்குத் தெரியும்," என்றேன்.

"என்ன தெரியும்?"

"இப்பல்லாம் உங்களுக்கு மறக்குதுன்னு. ரெண்டாம் பம்ப் வால்வை மூடினது நான்தான்."

"நீயா? நான் மூடிட்டேன்னுல்ல நெனச்சேன்." என்னையே பார்த்தார். பிறகு குரல் மாறியது. "தெரிஞ்சுமா சாவியைக் குடுத்த?"

"நீங்க கை நீட்டினீங்க."

"நீட்டினா? நீட்டினா குடுத்துடுவியா? மரியாதைக்காகச் சாகலாம்னு வந்தியா? உங்க அம்மாகிட்ட நான் போய் என்னடி சொல்லுவேன்?"

கத்தினார். அவர் கத்தி நான் கேட்டதில்லை. கத்தல் சுவரில் மோதித் திரும்பி வந்தது. இரண்டு பேரும் அது அடங்கும்வரை காத்திருந்தோம்.

"நீங்க ஏன் யார்கிட்டயும் சொல்லல?" என்றேன்.

"மண்டை போயிடுச்சுன்னு சொன்னா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. வீட்டுல உக்காந்தா மிச்சமும் போயிடும்." சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பயமா இருக்கும்மா. காலையில எந்திரிச்சா முதல்ல என் பசங்க பேரை எல்லாம் சொல்லிப் பாத்துக்கறேன்."

நான் கையை நீட்டினேன். ஒரு கை. உள்ளங்கை மேலே.

"சாவி."

எங்களில் இளையவர் அப்படிக் கேட்பதில்லை. அவர் என் கையைப் பார்த்தார். குண்டுகளின் மேல் அவரால் எழுந்து நிற்க முடியவில்லை. வந்ததிலிருந்து முழங்காலில்தான் இருந்தார். மூடிய கையைத் திறந்தார். சாவி அவர் உள்ளங்கையில் பள்ளம் விழ அழுந்தியிருந்தது. இரண்டு கையாலும் கொடுத்தார்.

"நாளைக்கு நானே மேனேஜர்கிட்ட போய்ச் சொல்லிடறேன்," என்றார்.

"மறந்துட்டா?"

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் உதட்டோரம் லேசாக அசைந்தது.

"நீ கூட வா. நான் வேற எதையாவது பேச ஆரம்பிச்சா காலை மிதி."

வாக்கி டாக்கி கரகரத்தது. "ஹலோ, பெரிசு... பாஷி முசோண்டா, எங்க போனீங்க? சைரன் அடிச்சு எவ்வளவு நேரமாச்சு. பூட்டு கழட்டியாச்சா? திருப்பட்டுமா?"

வாய்க்கு ஊர்ந்து போய்க் கையை எட்டி அதை எடுத்தேன். பொத்தானை அழுத்த விரல் இரண்டு முறை வழுக்கியது.

"வெப்ஸ்டர், கசுபா பேசறேன். எதையும் தொடாதே. உள்ள ரெண்டு பேர் இருக்கோம்."



"உள்ளயா? எல்லாரும் வெளியன்னு பெரிசுதானே சொல்லிச்சு?"

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் பின்னாலிருந்து கையை நீட்டினார். வாக்கி டாக்கியைக் கொடுத்தேன்.

"தப்பா சொல்லிட்டேன் தம்பி," என்றார். "மறந்துட்டேன். நீயும் பூட்டு கழலறதுக்கு முன்னாடி சைரன் அடிக்காதே. உள்ள இருக்கறவங்களுக்கு உசிரு போகுது."

"சரி... சரிங்க," என்றான் வெப்ஸ்டர். அவன் குரல் சின்னதாகிவிட்டிருந்தது.

"நீங்க முதல்ல போங்க," என்றேன்.

"இல்லம்மா. நீ போ."

நான் தலையை வெளியே நீட்டினேன். பகல் வெளிச்சத்தில் கண் கூசியது. ஸ்விட்ச் அங்கிருந்தே தெரிந்தது. ஒரே ஒரு பூட்டு. சிவப்பு. அவர் பெயரில் பூட்டு ஒன்றும் இல்லை.

பின்னால் இருட்டிலிருந்து அவர் குரல் வந்தது.

"நான் உள்ள இருக்கேன்மா. ஞாபகம் வெச்சுக்கோ."

கீழே இறங்கினேன். சாவியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு மில்லின் வாயையே பார்த்தபடி நின்றேன். அவர் தலை வரும்வரை. தோள் வரும்வரை. இரண்டாவது பூட்ஸும் வெளியே வந்து தரையில் படும்வரை.